பவளத்தீவு ராணியின் கிழட்டு முகம்

பட்டாபிராமனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். இன்று நேற்றல்ல, இருபத்தொரு வருஷமாகப் பிடிக்காது. எங்கள் சபைப் போதகர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணும்போதெல்லாம் அந்த மனுஷன் முகம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கும். நான் உடனே பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவேன்.

என் பெயர் தபீதாள். வீடு சேலையூரில். சினிமாவில் நடிகைகளுக்குக் கொண்டை போடுவது என் தொழில். காலை முதல் வண்டியில் தாம்பரத்தில் ஏறிக் கோடம்பாக்கத்தில் இறங்கி, இருபத்தைந்து வருஷம் சவுரியும் ஊசியுமாக ஓட்டியிருக்கிறேன்.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு சட்டம் இருந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறவும் இல்லை. நெற்றியில் முடி எங்கே தொடங்குகிறதோ அங்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே பெண்கள் வேலை, கீழே ஆண்கள் வேலை. கொண்டை, ஜடை, பூ எல்லாம் நாங்கள். முகம் மேக்கப்மேனுடையது. நடிகையின் புருவத்தில் ஒரு முடி உதிர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் நான் எடுக்கக் கூடாது, மேக்கப்மேனைத்தான் கூப்பிட வேண்டும். மீறினால் சினிமா சங்கத்து உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் காலத்தில்தான் ‘பவளத்தீவு’ எடுத்தார்கள். ஐம்பத்து மூன்றாம் வருஷம். மாயத்தால் வயதே ஆகாமல் இருக்கும் ஒரு ராணி. முனிவர் சபை நடுவில் சாபம் கொடுக்கிறார். அவள் அப்படியே கிழட்டுச் சூனியக்காரியாகிறாள். இதைக் காட்சி வெட்டாமல், காமிராவை நிறுத்தாமல், ஒரே ஷாட்டில் எடுக்க வேண்டும் என்று டைரக்டர் ஒற்றைக்காலில் நின்றார். மேக்கப்மேன் பட்டாபிராமன், “ஆகட்டும், ஜமாய்ச்சுடலாம்” என்றார். மூன்று நாள் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாலாம் நாள் குதிரைப் பந்தயம் பார்க்கக் கிண்டிக்குப் போய்விட்டார்.

செட்டில் இருநூறு பேர் வேஷத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டர் தொப்பியைக் கழற்றி எறிந்தார். நான் போய், “சார், எனக்கு ஒரு வழி தெரியும்” என்றேன். அவர் இருந்த நிலைமையில் டீ கொடுக்கிற ஆள் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பார்.

எனக்கு அந்த வழி எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். என் அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அக்கா வீட்டுக்காரர் போட்டோகிராபர். எங்கள் வீட்டிலேயே ஒரு அறையை இருட்டாக்கிச் சிவப்பு பல்ப் போட்டுப் படம் கழுவுவார். ஒரு நாள் அப்பா திருத்தி வைத்த பரீட்சைப் பேப்பர்க் கட்டு அந்த அறையில் கிடந்தது. நான் எடுத்துப் பார்த்தேன். ஒரு பேப்பரிலும் ஒரு திருத்தம்கூட இல்லை. தாம்பரத்துப் பையன்கள் எல்லாரும் ஒரே நாளில் மேதையாகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே கொண்டுவந்தால் பேப்பர் முழுக்கச் சிவப்பு மசி. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கோடு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். அதே கோடு பச்சை வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும். அதையும் நானே கலர்க் காகிதம் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

ராணியின் முகத்தில் சிவப்பு மையால் சுருக்கம் சுருக்கமாகக் கிழவியை வரைந்தேன். காமிராவுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடியைப் பிடித்தபோது முகம் வழவழவென்று இருந்தது. முனிவர் கையைத் தூக்கியதும் சிவப்பை மெல்ல நகர்த்திப் பச்சைக் கண்ணாடியைக் கொண்டுவந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம், கண்ணாடி மாறியது யாருக்கும் தெரியாது. கிழவி மட்டும் தோலுக்குள்ளிருந்து எழுந்து வந்தாள். கொட்டகையில் ஜனங்கள் அலறினார்கள். அந்த ஒரு காட்சிக்காகவே பத்துத் தடவை பார்த்தவர்கள் உண்டு.

படத்தில் பெயர் போட்டார்கள். ஒப்பனை: பட்டாபிராமன்.

“வெளியில தெரிஞ்சா உன் அட்டை போயிடும்மா” என்றார் டைரக்டர். அப்பா படுக்கையில் கிடந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். பட்டாபிராமன் வாயை மூடவில்லை. ஒரு பத்திரிகை விடாமல் பேட்டி கொடுத்தார். கொல்லிமலையிலிருந்து ஒரு மூலிகைச் சாறு வரவழைத்தாராம், அது விளக்குச் சூடு பட்டால் கறுக்குமாம். வாய் கூசாமல் இருபது வருஷம் இதையே சொன்னார். குரோம்பேட்டையில் வீடு கட்டி வாசலில் ‘பவளத்தீவு பட்டாபிராமன்’ என்று பளிங்கில் பெயர் பொறித்தார். ரயிலில் போகும்போது அந்தப் பக்கம் நான் திரும்புவதே இல்லை.

எழுபத்து நாலு ஜனவரியில் அவர் என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. கண்ணில் புரை விழுந்து, தடவித் தடவிப் படி ஏறினார். கையும் நடுங்கியது.

“தாம்பரம் காலனி கிளப்பில பொங்கல் விழாவுக்குப் பவளத்தீவை நாடகமாப் போடறா. முகம் எல்லாம் படத்துல இருந்த மாதிரியே வேணுமாம். செக்ரட்டரி சுந்தரராமன் என் காலைப் பிடிக்காத குறை” என்றார்.

“போட்டுக் கொடுங்களேன்.”

“ராணி மேடையிலேயே மாறணுமாம். திரை போடக் கூடாதாம்.”

“உங்க மூலிகைச் சாறு தீந்துபோச்சா?”

அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அன்று சாப்பாடே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு நிறைவு.

“பழசைக் கிளறாதே தபீதா. அன்னிக்கு நீ என்ன பண்ணினே, அதை மட்டும் சொல்லு.”

“சொல்ல மாட்டேன். வேணும்னா செஞ்சு தரேன். ஆனா மேடையில மைக்கைப் பிடிச்சு, அந்த முகத்தை ஐம்பத்து மூணுலயும் போட்டவ தபீதாள்தான்னு நீங்க உங்க வாயால சொல்லணும்.”

கைத்தடியைத் தரையில் தட்டினார். “சொல்றேன்” என்றார்.

“சத்தியமா?”

“சத்தியமாத்தான். போதுமா?”

எனக்குப் பணம் வேண்டாம், சால்வை வேண்டாம். என் காது கேட்க என் பெயர் ஒரு தடவை வர வேண்டும், அதுவும் அந்த வாயிலிருந்து வர வேண்டும். வேறு ஒன்றுமே கேட்கவில்லை நான்.

பத்து நாள் கிளப்பில் வேலை பார்த்தேன். அரக்கன் காவலாளிக்குப் பம்மல் தோல் ஷெட்டிலிருந்து ஆட்டு ரோமம் வாங்கி வந்து புருவம் கட்டினேன். நாற்றம் போக நாலு தடவை சீயக்காய் போட்டுக் கழுவியும், அந்த வேஷம் போட்ட ரயில்வே குமாஸ்தா மூக்கைப் பிடித்துக்கொண்டேதான் கர்ஜித்தார். முனிவருக்குத் தாடி, தோழிகளுக்குச் சிப்பி நகை. பட்டாபிராமன் நாற்காலியில் உட்கார்ந்து தடியால் அங்கே இங்கே காட்டிக்கொண்டிருந்தார். கிளப்காரர்கள் அவரைச் சுற்றி நின்று காப்பி கொடுத்தார்கள். “என்னா கற்பனை சார் உங்களுக்கு!” என்று செக்ரட்டரி சுந்தரராமன் உருகினார். நான் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு அரக்கனின் காதை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ராணி வேஷம் சுந்தரராமனின் மகள் சாவித்ரிக்கு. ஸ்டெனோ வேலை பார்க்கும் கெட்டிக்காரப் பெண். அவள் முகத்தில் வேலை செய்யும்போது கதவைச் சாத்திச் சிவப்பு பல்ப் மட்டும் போட்டேன். பட்டாபிராமனையும் உள்ளே விடவில்லை.

“என்ன இருட்டு இது?” என்று வெளியிலிருந்து கேட்டார்.

“உங்க மூலிகைச் சாறு வெள்ளை வெளிச்சம் பட்டா கெட்டுப்போயிடும் சார்” என்றேன்.

பக்கத்தில் சுந்தரராமன் நின்றதால், “ஆமா, ஆமா, கெட்டுடும்” என்றார் பட்டாபிராமன். சாவித்ரி என்னைப் பார்த்தாள். தன் முகத்தில் தடவுவது சிவப்பு மைதான், சாறுமில்லை கீறுமில்லை என்பது அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. மேடை விளக்குக்குக் கலர்க் காகிதம் மாற்றும் பொன்னுரங்கத்துக்கும் தெரியும். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

விழா அன்று சாயங்காலம் அச்சடித்த நோட்டீஸ் வந்தது. ‘ஒப்பனை: பவளத்தீவு புகழ் திரு. பட்டாபிராமன் அவர்கள்.’ கீழே பொடி எழுத்தில், ‘சிகை அலங்காரம்: திருமதி தபிதா.’ பெயரைக்கூடச் சரியாகப் போடவில்லை. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை.

போகட்டும், மைக்கில் சொல்லிவிட்டால் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சிக்கு முன் பத்து நிமிஷ இடைவேளை. சாவித்ரியின் முகத்தை முடித்தேன். பட்டாபிராமன் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பட்டு ஜிப்பா, ஜவ்வாது.

“ராணி மாறினதும் என்னைக் கூப்பிட்டுச் சால்வை போடறா. விளக்கை மாத்தாதே. அதே வெளிச்சத்துல அந்த முகத்துக்குப் பக்கத்துல நான் நின்னாத்தான் எடுப்பா இருக்கும்.”

“மைக்கில எப்ப சொல்லப்போறீங்க?”

“எதை?”

நான் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தேன்.

“இதோ பாரு தபீதா. கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து பெரிய மனுஷா வந்திருக்கா. எனக்கு மரியாதை பண்ற இடத்துல உன்னைக் கொண்டு வந்து நிறுத்தினா நன்னாவா இருக்கும்? கொண்டைக்காரி முகம் போட்டாள்னா சிரிப்பா. நோட்டீஸ்ல உன் பேர் வந்திருக்கே, அதுவே நான் சொல்லித்தான்.”

“சத்தியம் பண்ணினீங்க.”

“காரியம் ஆகணுமேன்னு சொன்னது. விடு. என் தலையை வாரி விடு, நேரமாச்சு” என்று கண்ணாடி முன் உட்கார்ந்தார்.

அடித்துவிடுவேனோ என்று பயந்தேன். சீப்பை எடுத்து வாரினேன். முன்னால் விழுந்த நாலு நரை முடிக்கு மை தடவினேன். அவர் கண்ணாடியில் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“நெத்தி எண்ணெய் வடியறது. சுருக்கமும் தெரியறது. கொஞ்சம் அடிச்சு விடு.”

“அது கோட்டுக்குக் கீழ சார். நான் தொடக் கூடாதே.”

“நான்தான் சொல்றேனே, போடு.”

பவுடரை ஒற்றினேன். பிறகு ராணிக்கு வைத்திருந்த சிவப்புக் கிண்ணத்தில் தூரிகையைத் தோய்த்தேன். அந்த அகலமான நெற்றியில், இந்தக் காதோரத்திலிருந்து அந்தக் காதோரம் வரை, பெரிய எழுத்தில், நிதானமாக என் பெயரை எழுதினேன். த. பீ. தா. ள். நோட்டீஸில் விட்டுப்போன எழுத்தையும் விடவில்லை.

“என்ன, குறுகுறுங்கறது?”

“சுருக்கத்தை மறைக்கிறேன் சார்.”

சிவப்பு பல்பு வெளிச்சத்தில் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை. அவர் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். மூலையில் உட்கார்ந்திருந்த சாவித்ரி தூரிகை போன போக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பாவிடம் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மேடைக்கு ஓடிவிட்டாள்.

நான் மேடையோரம் பொன்னுரங்கத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மேடை முழுக்கச் சிவப்பு வெளிச்சம். சாவித்ரி சிங்காசனத்தில் வழவழவென்று உட்கார்ந்திருந்தாள். முனிவர் கையைத் தூக்கினார். பொன்னுரங்கம் சிவப்புக் காகிதத்தை மெல்ல இழுத்துப் பச்சையைத் தள்ளினான். கிழவி எழுந்து வந்தாள். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே அலறல், இந்தத் தடவை தாம்பரத்தில். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல வேலை அது. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

“இந்த அற்புதத்தின் பிரம்மா, பவளத்தீவு பட்டாபிராமன் அவர்கள்!” என்று சுந்தரராமன் மைக்கில் முழங்கினார்.

பட்டாபிராமன் இருட்டிலிருந்து பச்சை வெளிச்சத்துக்குள் நடந்து வந்தார். நெற்றியில் என் பெயர் கறுகறுவென்று எழுந்தது.

முதலில் கைதட்டல் குறைந்தது. அப்புறம் ஒரு சலசலப்பு. முன்வரிசைக்குப் பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த கங்கையம்மாள் பக்கத்துப் பெண்ணை இடித்தாள்.

“இன்னாமே அது? அய்யரு நெத்தில இன்னாவோ எய்திகீதே?”

“தபீதாள்னு எழுதியிருக்கு.”

“யாரு, நம்ம சேலையூர் தபீதாக்காவா? அந்தம்மா தானே பத்து நாளா இங்க வந்துகினு இருந்துச்சு! அப்ப மூஞ்சி போட்டது இவுரு இல்லியா?”

கங்கையம்மாளுக்கு மைக் தேவையில்லை. அவள் குரல் பின்வரிசை வரை போயிற்று. பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். “தபீதாள்! தபீதாள்!” என்று ஒரு பக்கம் கிளம்பிற்று. பட்டாபிராமனுக்கு முதலில் எல்லாம் பாராட்டாகவே பட்டது. கையைக் கூப்பிக்கொண்டு இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார், பால்கனிக்காரர்களுக்கும் தலையை நிமிர்த்திக் காட்டினார். ஒருவரும் விடுபடக் கூடாது என்பது போல எல்லோருக்கும் காட்டினார். சுந்தரராமன் சால்வையைப் பிரித்தபடி கிட்டே வந்து, படித்துவிட்டு, அப்படியே நின்றார். சாவித்ரி சிங்காசனத்தில் கிழவி முகத்தோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

கூட்டத்தின் கத்தலில் என் பெயர் பட்டாபிராமன் காதில் ஏறியது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. மேடையோரம் என்னைத் தேடினார்.

“அக்கா, பேஜாராப் போவுது. வெள்ள லைட்டு போட்டுடட்டா?” என்றான் பொன்னுரங்கம்.

“போடாதே.”

“செக்ரட்டரி மொறைக்கிறாருக்கா.”

“மொறைக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

போட்டோகிராபர் வந்து ஃப்ளாஷ் அடித்தார். அதற்கப்புறம்தான் திரை விழுந்தது.

ஒரு வாரம் கழித்துப் பட்டாபிராமன் மறுபடி என் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை சாட்சிக்குச் சுந்தரராமனையும் அழைத்து வந்திருந்தார். நான் நாற்காலி போடவில்லை. குடையைக் கதவில் சாத்திவிட்டு நின்றபடியே ஆரம்பித்தார்.

“ஊர் பூரா என்னமோ உளறிண்டிருக்கா. குரோம்பேட்டை மார்க்கெட்ல என்னைப் பார்த்துச் சிரிக்கறா. நீ என் நெத்தியில எழுதினியாம். இதோ போட்டோ. நீயே பாரு. ஏதாவது இருக்கா?”

வாங்கிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம், பளிச்சென்று விழுந்திருந்தது. சுந்தரராமன் கையில் விரித்த சால்வை, இவருடைய கூப்பிய கை, சுத்தமான நெற்றி. ஒரு எழுத்து இல்லை.

“ஒண்ணுமில்லியே” என்றேன்.

“கேட்டேளா சுந்தரராமன்? அவளே சொல்றா! எவனோ விளக்கை அசைச்சு நிழல் விழுந்திருக்கு. கிளப்போட அடுத்த மலர்ல இந்தப் போட்டோவைப் போட்டு, நடந்தது வதந்தின்னு எழுதணும். இவ கையெழுத்துப் போட்டு மன்னிப்புக் கேக்கணும்.”

சுந்தரராமன் சங்கடமாக என்னைப் பார்த்தார். “என்னம்மா சொல்றீங்க?”

நான் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொரு தடவை பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொள்ளவில்லை.

“எழுதினது நான்தான் சார். சிவப்பு மையால எழுதினேன். ஃப்ளாஷ் அடிச்சா அந்த வெளிச்சம் பச்சையை அமுக்கிடும், கறுப்பு வெள்ளைப் படத்துல அந்தச் சிவப்பு தோலோட தோலா மறைஞ்சிடும். சிவப்பு வெளிச்சத்துல தெரியாது. பச்சையில மட்டும்தான் கறுப்பாத் தெரியும். உங்க மகள் முகத்துல இருந்த கிழவியும் அதே மைதான், வீட்டுல கேட்டுப் பாருங்க. ஐம்பத்து மூணுல ராணி முகம் மாறினதும் இதாலதான். அந்த முகத்தை இவர் போட்டிருந்தா, இந்தப் போட்டோவை எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டார்.”

சுந்தரராமன் போட்டோவை என் கையிலிருந்து வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அப்புறம் மரியாதை குறையாமல், மெதுவாகத்தான் கேட்டார்.

“அப்ப அந்த மூலிகைச் சாறு, சார்?”

பட்டாபிராமன் படியைத் தடவித் தடவி இறங்கித் தெருவில் போய்விட்டார். குடையை மறந்துவிட்டார். நான் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.